நாலாவது கேள்வி

அக்டோபர் 28, 1867, திங்கள்

பிரசங்கக் குறிப்பு எழுத அப்பா வாங்கிய நோட்டில் முக்கால்வாசி வெறும் தாள். "எழுத்து மறந்துபோகாம நாலு வரி எழுது மக்கா" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா வாந்திபேதியில் இறந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை அழைத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது பதினாறு. பள்ளிக்கூடம் நின்றுபோனதற்காக நான் அழவில்லை. ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனால் துரைசானியம்மாள் எழுப்பி நிறுத்திக் கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கே அடுப்பங்கரையில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சற்குணம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தாவீது அத்தான் இலங்கையில் காப்பித் தோட்டத்துக் கூலியாட்களுக்கு உபதேசியாராக இருக்கிறார். இன்று அக்காவுக்குப் புளிக்குழம்பும் சுட்ட கருவாடும் வேண்டியிருந்தது. இரண்டும் செய்தேன்.

"உப்பு போட்டியா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"ஏட்டி கிருபை, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? போட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா பல்லு கொட்டிருமா?"

நவம்பர் 3, ஞாயிறு

கோயிலில் கூட்டம். அப்பா ஆராதனை நடத்தினார். அப்பா இந்தப் பெத்தேல்விளைச் சபைக்கு டீக்கன், இன்னும் முழுக் குருவானவர் இல்லை. ஜெபம் படிக்கலாம், பிரசங்கம் பண்ணலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், அடக்கம் பண்ணலாம். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற இராப்போஜனத்துக்கு மட்டும் மாதம் ஒருமுறை வெள்ளைக்கார மிஷன் துரை குதிரையில் வரவேண்டும். வருகிற டிசம்பர் 22 பாளையங்கோட்டையில் பிஷப் அவர்கள் அப்பாவுக்குக் குருப்பட்டம் கொடுக்கப்போகிறார். அப்பாவுக்கு உதவியாக இருக்கிற சுவிசேஷமுத்து உபதேசியார் இப்போதே விருந்துக்கு ஆடு பார்த்துவிட்டார். "டீக்கன் மகளே, இனிமே நீ குருவானவர் மக. நடையில ஒரு மிடுக்கு வேணும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

லேயாள் வழக்கம்போல வாசற்படியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரமாட்டாள், வராமலும் இருக்கமாட்டாள். அவள் புருஷன் மோசே பனையேறுகிறவர். அவர் கோயிலுக்கு வராமல் ஒரு வருஷம் ஆகிறது.

போன வருஷம் அவர்களுக்குப் பிறந்த பெண்குழந்தை ஞானஸ்நானம் வாங்காமல் இறந்துபோயிற்று. வீட்டில் வைத்து யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை சபை கூடியிருக்கும்போது கோயிலில்தான் என்று அப்பா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். காய்ச்சல் வந்தால் தாயத்துக் கட்டக் கூப்பிடுகிற மாதிரி ஜனங்கள் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடுகிறார்களாம். ஒருவர் ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரை மோந்துகொண்டு போய்க் காணை நோய் கண்ட மாட்டுக்கு ஊற்றினார். அதற்குப் பிறகுதான் சட்டம். அதனால் லேயாள் கூப்பிட்டும் உபதேசியார் போகவில்லை. அவளே தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். குழந்தை இறந்த பிறகு அப்பா போய், ஜெபப் புத்தகத்தில் உள்ள நாலு கேள்விகளையும் கேட்டார். யார் கொடுத்தது? யார் கூட இருந்தது? எதைக் கொண்டு கொடுத்தது? என்ன வார்த்தை சொல்லிக் கொடுத்தது?

"இயேசுவே காப்பாத்தும்னு சொன்னேன் ஐயா."

"வேற என்ன சொன்ன? சொன்னபடியே சொல்லு."

"அம்புட்டுதான் ஐயா. திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னேன்."

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற நாமத்தைச் சொல்லாததால் அது ஞானஸ்நானம் ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கு அடக்க ஆராதனை படிக்கக்கூடாது என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. மோசே கல்லறைத் தோட்டத்து உடைமுள் வேலிக்கு வெளியே குழி வெட்டினார். ஜெபம் இல்லை, மணி அடிக்கவில்லை. நான் அம்மாவின் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தேன். வேலி வழியாகப் பார்த்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

அக்காவுக்கு ஆண்குழந்தை. விடிந்து கோயில் மணி அடிக்கும்போது பிறந்தான். அப்பா பிரசங்கத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினார். எல்லாருக்கும் காரணம் தெரியும். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைக்கு வேதமுத்து என்று பேர் வைப்பதாக முடிவாயிற்று. அத்தானின் அப்பா பேர்.

"வார ஞாயித்துக்கிழமையே ஞானஸ்நானம் குடுத்துருவமா அப்பா?" என்று அக்கா கேட்டாள்.

அப்பா தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூச்சத்தோடு சொன்னார். "டிசம்பர் இருவத்தொம்பது வச்சா என்னம்மா? பட்டம் வாங்கிட்டு வந்து மொத ஞாயித்துக்கிழமை அது. குருவானவரா நான் குடுக்குற மொத ஞானஸ்நானம் எம் பேரனுக்கா இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை."

"அம்புட்டு நாளா? ஊருல எல்லாரையும் ரெண்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டாங்கன்னு விரட்டுவீங்களே."

"ஆசைதான். நீ வேண்டாம்னா வேண்டாம்."

அக்கா சிரித்துவிட்டாள். "சரி, உங்க ஆசைப்படியே இருக்கட்டும். அதுக்குள்ள இவனும் கன்னம் வச்சுருவான்."

அப்பா தனக்கென்று ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. மாங்காய்த் துண்டு கூட இரண்டாவது கேட்கமாட்டார்.

நவம்பர் 23, சனி

மழை. விறகு எல்லாம் நனைந்து புகை.

பட்டத்துக்கு முன்னால் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி பிஷப் அவர்களுக்கு அனுப்பவேண்டுமாம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நாடார் குடியில் பனையேறுகிறவர் மகனாகப் பிறந்தது. பன்னிரண்டு வயது வரை தானும் பனையேறியது. உபதேசியார் ஒருவர் தேரிச் செம்மணலில் விரலால் எழுதிக் காட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. மிஷன் பள்ளிக்கூடம். பிறகு உபதேசியார் வேலை. ஒரு ஊரில் சாணித் தண்ணீரைத் தலையில் ஊற்றி விரட்டினார்கள், பக்கத்து ஊரில் போய் அதே ஈரத்தோடு பிரசங்கம் பண்ணினாராம். பிறகு டீக்கன் பட்டம். இந்தச் சபைக்கு வந்தபோது கோயில் ஓலைக் கொட்டகை. இப்போது சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை.

எல்லாம் எழுதி முடித்து வாசித்துக் காட்டச் சொன்னார். அப்பாவுக்கு மட்டும் நான் வாசிப்பேன். மெதுவாக வாசித்தேன். அம்மாவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அம்மாவுக்கு வாந்திபேதி கண்ட அன்று அப்பா வேறு ஊரில் வாந்திபேதிக்காரர்கள் வீட்டில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். ஆள் போய்ச் சொல்லியும், அங்கே இருந்த கடைசி ஆளுக்கும் ஜெபம் முடித்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

"அம்மாவ" என்று ஆரம்பித்தேன்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு மக்கா" என்று சொல்லித் தாளை மடித்துக்கொண்டார்.

நவம்பர் 30, சனி

வேதமுத்து என் சுண்டுவிரலைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறான். ஒரு கையாலேயே மாவு பிசைந்தேன். தனியாக இருக்கும்போது நான் அவனோடு நிறையப் பேசுகிறேன். அவன் சிரிப்பதில்லை, திருத்துவதும் இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

டிசம்பர் 2, திங்கள்

அப்பா பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டார். பட்டத்துக்கு முன் பரீட்சை உண்டு. சனிக்கிழமை வருவார். வண்டியில் ஏறிய பிறகு இறங்கி வந்து குழந்தையை இன்னொரு தடவை பார்த்தார். "ஐயரவாள், பரீட்சைக்குப் போறப்போ திரும்பிப் பாக்கக்கூடாது" என்றார் உபதேசியார். குருமாரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். "அது அஞ்ஞானம்வே" என்று அப்பா சிரித்துக்கொண்டே ஏறினார்.

டிசம்பர் 4, புதன்

குழந்தைக்கு நேற்றிலிருந்து உடம்பு கொதிக்கிறது. பால் குடிக்கவில்லை. விறகு கொண்டு வந்த லேயாள் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விறகுக்கட்டை முற்றத்திலேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வசம்பு சுட்டுக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினாள். சாயங்காலம் ஒருமுறை வலிப்பு வந்தது. அப்பாவை அழைத்து வர உபதேசியார் ஆள் அனுப்பியிருக்கிறார்.

டிசம்பர் 5, வியாழன்

வேதமுத்து போய்விட்டான்.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. எழுதவேண்டும்.

நேற்று மத்தியானம் வலிப்பு விட்டுவிட்டு வந்தது. அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தாள். உபதேசியார் முற்றத்தில் நின்றார்.

"ஞானஸ்நானம் குடுங்க மாமா" என்றாள் அக்கா.

"அம்மா, ஐயரவாள் உத்தரவு உனக்குத் தெரியாதா? வீட்டுல வச்சுக் குடுக்கக்கூடாதுன்னு என்கிட்ட கையடிச்சு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆளு போயிருக்கு. நாளைக் காலையில வந்துருவாரு."

"நாளைக் காலையில இவன் இருப்பானா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணுகிறேன் என்று போய்விட்டார். அவர் அழுததை நான் பார்த்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

லேயாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "பாப்பா, நீ குடு."

நான் தலையாட்டினேன், மாட்டேன் என்று.

"யாரு குடுத்தாலும் செல்லும்னு ஐயாவே எங்கிட்ட சொன்னாவ. வார்த்தை சரியா இருக்கணும், அம்புட்டுதான். எனக்குத்தான் அந்த வார்த்தை தெரியாமப் போச்சு. நீ படிச்சவ."

செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். குழந்தையின் கண் பாதி மூடியிருந்தது. மூச்சு இருந்தது. உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து அவன் நெற்றியில் விட்டேன். மூன்று தடவை விட்டேன். வார்த்தைகள் எனக்குத் தெரியும். ஒரு எழுத்துப் பிசகாமல் தெரியும்.

"ஆமென்" என்றாள் லேயாள்.

அக்கா ஆடிக்கொண்டே இருந்தாள். வெயில் இறங்கும்போது லேயாள்தான் அவளை நிறுத்தினாள்.

அப்பா இன்று காலையில் வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையின் பக்கத்தில் வெகுநேரம் முழங்காலில் இருந்தார். பிறகு எழுந்து உபதேசியாரைப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கும்போது கேக்கேன். இவனுக்கு யாராவது ஞானஸ்நானம் குடுத்தீங்களா?"

"கிருபை குடுத்தா ஐயா" என்றாள் லேயாள்.

"யாரு கூட இருந்தது?"

"நானும் சற்குணம் அக்காவும் ஐயா."

"சற்குணம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அப்பா" என்றாள் அக்கா. "நான் அவன் மூச்சத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எதைக் கொண்டு குடுத்தது?"

"தண்ணிதான் ஐயா. கெணத்துத் தண்ணி."

அப்பா நாலாவது கேள்வியைக் கேட்க நேரமாயிற்று. வெளியே வண்டிமாடு கழுத்து மணியை ஆட்டிக்கொண்டிருந்தது.

"என்ன வார்த்தை சொல்லி?"

"நீங்க கோயில்ல சொல்லுத அதே வார்த்தை ஐயா. பிதா குமாரன் பரிசுத்த ஆவி. சத்தமாச் சொன்னா. எங்காதால கேட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போன வருஷம் லேயாளைச் சொன்னபடியே சொல்லிக் காட்டச் சொன்னவர், இன்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மணியடிக்கச் சொல்லும்" என்றார் உபதேசியாரிடம்.

வேதமுத்துவை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அப்பா வெள்ளங்கி போட்டுக்கொண்டு ஆராதனை முழுவதும் படித்தார். ஒரு இடத்தில் கூடத் தடுமாறவில்லை. ஊர் முழுவதும் வந்திருந்தது. மண் போடும்போது லேயாள் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

அப்பா பிரசங்கம் பண்ணவில்லை, ஜெபம் மட்டும் படித்தார். பேரன் போன துக்கம் என்று சபையார் நினைத்தார்கள்.

சாயங்காலம் கிணற்றடியில் லேயாளைப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. கேட்கவேண்டும் என்று வாளியை இறக்கும்போதே நினைத்தேன், ஏற்றி முடித்த பிறகுதான் வாயில் வந்தது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"சத்தமாச் சொன்னேன்னு."

அவள் குடத்தைச் சும்மாடு மேல் வைத்துச் சரி பண்ணினாள். "உனக்காகச் சொல்லல பாப்பா. ஐயாவுக்காகவும் சொல்லல. அந்தப் பிள்ளைக்கு யாரு பேசுவா? எம்பிள்ளைக்கு அன்னைக்கு ஒரு ஆளு நின்னு ஒரு பொய் சொல்லியிருந்தா அதுவும் உள்ள படுத்திருக்கும்."

நான் அழுதேன்.

"அழாத. உன் உதடு அசஞ்சதப் பாத்தேன். கர்த்தருக்குச் செவிடா என்ன? ஐயாவோட புஸ்தகத்துக்குத்தான் சத்தம் வேணும்."

டிசம்பர் 11, புதன்

அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். லேயாள் மல்லிகைப்பூ கொண்டுவந்து துணியில் வைத்து மார்பில் கட்டினாள். பால் வற்றிவிடுமாம். எங்கள் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை. முதல் தடவையாக வீடெல்லாம் மல்லிகை மணக்கிறது. அப்பா உள்ளே வந்து, மணத்தை முகர்ந்து, என்ன என்று கேட்காமலே புரிந்துகொண்டு வெளியே போனார்.

அக்கா அப்பாவோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை நான்தான் கொண்டுபோகிறேன். இன்று அத்தானுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். "அன்புள்ள அத்தானுக்கு" வரை எழுதினேன்.

"பிள்ளை உங்க சாடைதான்னு எழுது" என்றாள்.

எழுதினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 14, சனி

உபதேசியார் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். விருந்து இல்லாவிட்டாலும் பட்டம் பட்டம்தான், சபை சும்மா இருக்காது என்றார். அப்பா ஆட்டின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, "வித்துரும்வே" என்றார்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொன்ன பிறகு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அப்பா கையைக் காட்டினார். "போயிராதீங்க. ஒரு அடக்கம் பாக்கி இருக்கு."

யார் இறந்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா வெள்ளங்கியோடு, புத்தகத்தோடு நடந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் போகவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். லேயாள் ஓடிவந்து முன்னால் நின்றாள்.

"எங்க போறீய ஐயா?"

"உன் பிள்ளையை எங்க வச்சீங்க லேயாள்? காட்டு."

"இப்ப எதுக்கு?"

"நான் படிக்கணும்."

"ஒரு வருஷமா காதத் தீட்டிக்கிட்டுக் காத்துக் கெடந்துச்சாக்கும்!" அவள் குரல் ஊர் முழுவதும் கேட்டது. "அன்னைக்கு இந்த மண்ணுல விழுந்து உங்க காலப் பிடிச்சேனே ஐயா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு ஜெபம்னு கேட்டேனே. இப்ப உங்க வீட்டுல ஒண்ணு போயிட்டு, அதனால வாரீய."

"ஆமா" என்றார் அப்பா. "அதனாலதான் வாரேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஒரு பனை அடியில் போய் நின்றாள். மேடு கூட இல்லை. மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிட்டது. நாலு கூழாங்கல் மட்டும் இருந்தது.

உபதேசியார் அப்பாவின் காதில் சொன்னார். "ஐயரவாள், புஸ்தகத்துல தடை இருக்கு. துரைக்குத் தெரிஞ்சா இருவத்திரெண்டாந்தேதி நடக்காது. உமக்குத் தெரியாததில்ல."

"தெரியும்வே. நீரே எழுதிப் போடும். நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

அப்பா ஆரம்பத்திலிருந்து படித்தார். ஒரு வரியும் விடவில்லை. வேதமுத்துவுக்குப் படித்தபோது தடுமாறாதவர் இங்கே பல இடத்தில் நின்று நின்று படித்தார். பாதியில் மோசே வந்தார். கூட்டத்தோடு சேரவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம், கல்லறைத் தோட்டத்துக்குள், அரிவாளோடு நின்றார். அப்பா மண் எடுத்துப் போடும் இடம் வந்தபோது மோசே வேலியில் ஒரு உடைமுள் செடியை வெட்டி இழுத்துப் போட்டார். பிறகு அடுத்ததை வெட்டினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

துரையிடமிருந்து அழைப்பு. உபதேசியார் எழுதியிருக்கிறார். தான் எழுதியதை அவரே வந்து அப்பாவிடம் சொல்லி, காலில் விழப்போனார். அப்பா அவரைத் தூக்கிப் பிடித்து, மோர் கொடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் மோர் குடித்தார்கள். அப்பா நடந்தே புறப்பட்டார்.

டிசம்பர் 19, வியாழன்

மத்தியானம் அப்பா வந்தார். கால் எல்லாம் செம்மண். நான் கழுவ வெந்நீர் வைத்தேன். அடுப்பங்கரை நிலைப்படியில் வந்து உட்கார்ந்தார். அங்கே அவர் உட்காருவதில்லை.

"பட்டம் இல்ல மக்கா" என்றார்.

நான் அடுப்பை ஊதினேன்.

"துரை நல்ல மனுஷன். பரிதாபப்பட்டுப் படிச்சுட்டேன், தப்புதான்னு சபைக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிரும், மீதிய நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னாரு. என்னால தப்புன்னு சொல்ல முடியல. சொல்லவும் முடியாம, பாதியச் சொல்லி மீதிய மறைக்கவும் முடியாம, பேரன் விஷயத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"நம்பாமத்தான் படிச்சேன்னு சொன்னேன்."

வெந்நீரை இறக்கி வைத்தேன்.

"லேயாள் பேரச் சொன்னீங்களா?"

"சொல்லல. அவ பொய் சொன்னான்னு நான் சொல்லல. நான் நம்பலன்னு சொன்னேன். ரெண்டும் வேற."

"அப்பா, நான்..." என்றேன்.

"உன்ன நான் கேக்கல மக்கா. கேட்டா நீ உண்மையச் சொல்லிருவன்னு பயந்துதான் கேக்கல." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "வீட்டுல குடுக்கக்கூடாதுன்னு புஸ்தகத்துல இல்ல. ஆபத்துன்னா வீட்டுலயே குடுன்னுதான் போட்டிருக்கு. கூடாதுன்னது என் சட்டம். காத்திருக்கச் சொன்னது என் ஆசை. இதுல உனக்கு என்ன பங்கு? ஒண்ணுமில்ல."

பிஷப் அவர்கள் தீர்ப்புச் சொல்லும்வரை அப்பா வெள்ளங்கி போடக்கூடாது, ஆராதனை நடத்தக்கூடாது.

உள்ளே அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சாப்பாட்டு வேளைக்கு எழுந்து வந்து, தட்டை என் கையிலிருந்து வாங்கி, தானே சோறு போட்டு அப்பாவின் முன்னால் வைத்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பேசுவேன்னு நெனைக்காதீங்க" என்றாள். "சாப்பிடுங்க."

டிசம்பர் 20, வெள்ளி

பழைய துணிகளைத் துவைத்தேன். தொட்டில் சேலையை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்கவில்லை. துவைத்து மடித்து வைத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

இரண்டாம் மணி அடித்ததும் அப்பா சாதாரண வேட்டியும் மேல்துண்டுமாகக் கோயிலுக்கு வந்தார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் கீழே உட்கார்ந்ததே இல்லை. ஆண்கள் எழுந்திருப்பதா வேண்டாமா என்று பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார்கள். கடைசிப் பாயில் மோசே நகர்ந்து இடம் விட்டார். அப்பா அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் லேயாள் இன்று உள்ளே வந்திருந்தாள், என்னை அடுத்து.

உபதேசியார் ஆராதனை படித்தார். குருப்பட்டம் பெறுகிறவர்களுக்காக இந்த வாரமெல்லாம் படிக்கும் ஜெபம் ஒன்று உண்டு. அதற்கு வந்ததும் நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். விட்டுவிடட்டுமா என்று கேட்கிற பார்வை. இதே நேரத்தில் பாளையங்கோட்டைக் கோயிலில் அப்பாவோடு பரீட்சை எழுதியவர்கள் வரிசையாக முழங்காலில் இருப்பார்கள். பிஷப் அவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் கை வைப்பார்.

படியும் என்று அப்பா தலையசைத்தார்.

உபதேசியார் படித்தார். இன்று பட்டம் பெறும் உம்முடைய ஊழியர்களுக்கு உம்முடைய கிருபையைத் தாரும் என்று முடித்தார். சபை முழுவதும் ஆமென் சொல்லிற்று. சொல்லி முடித்து, எல்லாரும் பக்கம் புரட்டுகிற சத்தமும் அடங்கிய பிறகு, கடைசிப் பாயிலிருந்து அப்பாவின் ஆமென் தனியாகக் கேட்டது.